மே மாசம் கோப்பை... ஆகஸ்ட்ல சம்பளம் இல்லை! இங்கிலாந்து ரக்பியை உலுக்கிய ஒரு சீசன்

2022 செப்டம்பர் 24, சனிக்கிழமை. இங்கிலாந்தின் வூஸ்டர் நகரத்தில் இருக்கும் சிக்ஸ்வேஸ் மைதானம். உள்ளூர் ரக்பி அணியான வூஸ்டர் வாரியர்ஸ், நியூகாசில் ஃபால்கன்ஸை 39-5 என்று புரட்டி எடுக்கிறது. ஸ்கோரை மட்டும் பார்த்தால் செம ஃபார்மில் இருக்கும் டீம்னு நினைப்பீங்க. ஆனால், அன்னிக்கு கேலரியில் இருந்தவங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். இது கடைசி மேட்ச்சாக இருக்கலாம்.

அப்படியேதான் ஆச்சு. திங்கள்கிழமை கிளப் சஸ்பெண்ட். அடுத்த வாரம் புதன்கிழமை, அக்டோபர் 5, வீரர்களின் ஒப்பந்தங்களை வைத்திருந்த நிறுவனத்தை நீதிமன்றம் கலைத்துவிட்டது. ஒரே நாளில் ஒட்டுமொத்த டீமுக்கும் வேலை காலி. அந்த சீசனில் அவங்க ஆடின மேட்ச்களின் முடிவுகளும் பாயின்ட்ஸ் டேபிளிலிருந்து நீக்கப்பட்டன. அந்த 39-5 இப்போ எந்தக் கணக்கிலும் இல்லை.

(ஊர் பேரு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? சூப்பர் மார்க்கெட்ல சோயா சாஸுக்குப் பக்கத்துல நிக்குமே வூஸ்டர்ஷயர் சாஸ்... அது பிறந்த ஊர்தான்.)

இதுல வயிறெரியுற விஷயம் என்னன்னா, அதே 2022 மே மாசம் இதே வூஸ்டர்தான் பிரீமியர்ஷிப் ரக்பி கப்பை ஜெயிச்சது. ஃபைனலில் எதிரணி லண்டன் ஐரிஷ். எக்ஸ்ட்ரா டைம் போயும் 25-25 சமன். விதிப்படி கோப்பை வூஸ்டருக்கு. அடுத்த 13 மாசத்துக்குள்ள அந்த ஃபைனல்ல ஆடின ரெண்டு கிளப்புமே இல்லாமப் போச்சு. நடுவுல இன்னொரு பெரிய கிளப்பும் சேர்ந்து விழுந்தது. 13 டீமோட ஆரம்பிச்ச இங்கிலாந்தின் டாப் லீக், அடுத்த சீசனுக்குப் போகும்போது 10 டீம்.

எப்படி? கூட்டம் வருது, டி.வி-யில் காட்டுறாங்க, உலகத் தரமான வீரர்கள் ஆடுறாங்க. அப்புறம் ஏன் திவால்?

முதல்ல இந்த லீக் பத்தி...

ரக்பி யூனியன் தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷம். ஒரு பக்கம் 15 பேர், 80 நிமிஷம், முட்டை வடிவப் பந்து. எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் 'ட்ரை', 5 பாயின்ட். ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஆடுறது அமெரிக்கன் ஃபுட்பால். இவங்களுக்கு அந்தக் கவசமெல்லாம் கிடையாது.

இந்த விளையாட்டில் சம்பளம் வாங்கிக்கிட்டு ஆடுறதே 1995 வரைக்கும் தடை. அதுவரைக்கும் டீச்சர், போலீஸ், டாக்டர்னு வேற வேலை பார்த்துக்கிட்டே ஆடினவங்கதான் எல்லாரும். ஒரே வருஷத்துல அமெச்சூர் கிளப்பெல்லாம் கம்பெனியா மாறணும்னா பணம் எங்கிருந்து வரும்? ஊர்ல இருக்கிற பெரிய பணக்காரர், சின்ன வயசுல இருந்தே அந்த டீமுக்கு ரசிகரா இருந்தவர், 'நான் பார்த்துக்கிறேன்'னு உள்ளே வந்தார். பல கிளப்புகளின் கதை இப்படித்தான் தொடங்குது. 27 வருஷம் கழிச்சும் அதே ஏற்பாடுதான் ஓடிக்கிட்டிருந்தது.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்க. 13 டீம் லீக்கில் ஒரு கிளப்புக்கு சொந்த மைதானத்தில் கிடைப்பது 12 லீக் மேட்ச். இங்கிலாந்து ஃபுட்பால் பிரீமியர் லீக்கில் 19. ரக்பியில் வாரத்துக்கு ரெண்டு மேட்ச் ஆடவும் முடியாது, உடம்பு தாங்காது. ஒரு மேட்ச்சுக்கு மாற்று வீரர்களோட சேர்த்து 23 பேர் வேணும். அடிபடுறவங்க லிஸ்ட் எப்பவும் நீளமா இருக்கும். அதனால சம்பளப் பட்டியலில் 40, 50 பேரை வெச்சிருக்கணும். வரவு வர்றது ஒரு டஜன் சனி, ஞாயிறுல. செலவு 12 மாசமும். ஒரு கல்யாண மண்டபம் வருஷத்துக்கு 12 முகூர்த்தம் மட்டும் பார்த்துட்டு, 50 பேருக்கு மாசச் சம்பளம் கொடுத்தா எப்படி இருக்கும்? அதான் இது.

கோவிட்டுக்கு முன்பு தொடர்ந்து லாபம் காட்டின கிளப்னு பேர் வாங்கினது எக்ஸிடர் ஒண்ணுதான். மத்தவங்களோட நஷ்டத்தை வருஷக் கடைசியில் முதலாளி செக் போட்டு அடைப்பார்.

இந்த நிலைமையில 2018 கடைசியில் ஒரு ஆஃபர் வந்தது. சி.வி.சி என்ற முதலீட்டு நிறுவனம், லீக்கின் 27 சதவிகிதப் பங்கை 200 மில்லியன் பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. பவுண்டை 100 ரூபாய்னு வெச்சுக்கிட்டா 2,000 கோடி. கிளப்புகளுக்குக் கையில் மொத்தமாகப் பணம். பதிலுக்கு, இனிமே லீக்குக்கு வர்ற வணிக வருமானத்தில் நூத்துக்கு 27 ரூபாய் அவங்களுக்குப் போகும். வாடகை வர்ற வீட்டுல ஒரு மாடியை வித்து வீட்டுக்கடனை அடைச்ச மாதிரி. வித்த காசு சீக்கிரம் தீர்ந்துடும். அந்த மாடி வாடகை திரும்ப வராது.

அடுத்து கோவிட். காலி மைதானம், டிக்கெட் இல்லை. அரசாங்கம் கைகொடுத்தது, ஆனா பெரும்பாலும் கடனாக. பிரீமியர்ஷிப் கிளப்புகளுக்கு மட்டும் 120 மில்லியன் பவுண்டுக்கு மேல். ஏற்கெனவே கடனில் இருந்தவங்க தலையில் இன்னொரு மூட்டை.

2022-23 சீசன் ஆரம்பிக்கும்போது வீடு இந்த நிலைமையில்தான் இருந்தது.

மூணு கிளப், மூணு விதமான சாவு

வூஸ்டரில் ஆகஸ்ட் சம்பளம் வரவேண்டிய நாளில் வரலை. அப்புறம் சிலருக்கு முழுசா வந்தது, சிலருக்கு ஒரு பகுதிதான் வந்தது. வரி பாக்கி மட்டும் 6 மில்லியன் பவுண்டுக்கு மேல் (60 கோடி ரூபாய்), வரித்துறை நீதிமன்றத்தில் நிற்குது. மேட்ச் நடத்தணும்னா காப்பீடு வேணும், ஆம்புலன்ஸ் வேணும், பாதுகாப்புச் சான்றிதழ் வேணும். ஒவ்வொண்ணுக்கும் அந்த வாரம் கடைசி நிமிஷம் வரை திண்டாட்டம். சம்பளம் வருமா, வராதான்னே தெரியாம ஊழியர்கள் வந்து கேட்டைத் திறந்து மேட்ச் நடத்தினாங்க. அந்த 39-5 வெற்றியை இந்தப் பின்னணியில் வெச்சுப் பாருங்க.

இந்த விவகாரத்தை விசாரித்த பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு 2023 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. கிளப் உரிமையாளர்களை வெளுத்து வாங்கினதோட, ரக்பி தலைமை அமைப்பான ஆர்.எஃப்.யூ-வும் லீக் நிர்வாகமும் கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்கன்னு சொன்னது. வூஸ்டர் கதையில் வில்லன் யாருன்னு காட்டுறது ஈஸி.

வாஸ்ப்ஸ் கதை வேற. 1867-ல் தொடங்கின கிளப். ஆறு முறை இங்கிலாந்து சாம்பியன், ரெண்டு முறை ஐரோப்பிய சாம்பியன். இவங்களைப் பத்தி ஒரு கதை சொல்வாங்க. 1871-ல் ஆர்.எஃப்.யூ-வைத் தொடங்கின கூட்டத்துக்கு வாஸ்ப்ஸ் ஆளு தப்பான நாள்ல, தப்பான நேரத்துல, தப்பான இடத்துக்குப் போயிட்டாராம். அதனால நிறுவனர் பட்டியலில் இவங்க பேர் இல்லை. சில குடும்பங்களுக்குன்னே ஒரு ராசி இருக்கும்ல!

லண்டன் கிளப்பான வாஸ்ப்ஸ், 2014 டிசம்பரில் ஊரை விட்டே கிளம்பி கவென்ட்ரிக்குப் போனாங்க. அங்கே 30 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய ஸ்டேடியத்தையே வாங்கிட்டாங்க. ஐடியா தப்பில்லை. கச்சேரி, கண்காட்சி, ஹோட்டல்னு வருஷம் முழுக்க வருமானம் வரும். 12 முகூர்த்தப் பிரச்னைக்கு அதுதான் பதில். ஆனா, 2015-ல் 35 மில்லியன் பவுண்டுக்கு (350 கோடி) பொதுமக்களிடம் பாண்டு விற்றாங்க. 6.5 சதவிகித வட்டி, ஏழு வருஷத்தில் அசல் திருப்பித் தரணும். வாங்கினவங்களில் சொந்த ரசிகர்களும் உண்டு. நடுவுல கோவிட் வந்து ஸ்டேடியத்தைப் பூட்டியது. 2022 மே மாசம் கெடு முடிஞ்சது. அசல் வரலை. அக்டோபர் 17-ல் கிளப்பின் சாவி, திவால் நடைமுறையில் நியமிக்கப்பட்ட நிர்வாகி கைக்குப் போனது. அன்னிக்கே 167 பேருக்கு வேலை போச்சு. ஸ்டேடியத்தை அப்புறம் ஃப்ரேசர்ஸ் என்ற பெரிய ரீடெய்ல் குழுமம் வாங்கிக்கிச்சு.

இங்கே வில்லன் யாரு? பெரிசா ஆசைப்பட்டு, பெரிசா கடன் வாங்கினாங்க. அவ்வளவுதான்.

என்னைக் கேட்டா, உண்மையிலேயே பயப்பட வேண்டியது மூணாவது கதையைப் பார்த்துத்தான்.

லண்டன் ஐரிஷ், 1898-ல் லண்டனில் வாழ்ந்த அயர்லாந்துக்காரங்க தொடங்கின கிளப். 2022-23 சீசனை ஐந்தாவது இடத்தில் முடிச்சாங்க. இளம் வீரர்களை உருவாக்குறதில் நல்ல பேர். பிரென்ட்ஃபோர்டு ஃபுட்பால் கிளப்பின் அழகான புது ஸ்டேடியத்தில் வாடகைக்கு ஆடினாங்க. உரிமையாளர் மிக் க்ராஸன், கழிவு மறுசுழற்சித் தொழிலில் சம்பாதிச்சவர். பத்து வருஷமா கிளப்பின் நஷ்டத்தைச் சொந்தக் காசில் அடைச்சவர். யாரும் அவரை மோசடிக்காரர்னு சொல்லலை. கடன் 30 மில்லியன் பவுண்டு அளவுக்கு ஏறியதும் கிளப்பை வேறொருத்தர் கையில் கொடுக்க முடிவு பண்ணினார். அமெரிக்க முதலீட்டாளர் குழு ஒண்ணு வாங்கப்போகுதுன்னு மாசக்கணக்கா பேச்சு ஓடியது. பணம் கைக்கு வரலை. மே மாதச் சம்பளத்தில் பாதியைத்தான் ஊழியர்கள் பார்த்தாங்க. ஆர்.எஃப்.யூ கொடுத்த கெடு ஒரு முறை நீட்டிக்கப்பட்டு, 2023 ஜூன் 6-ல் முடிஞ்சது. கிளப்பும் முடிஞ்சது.

நல்ல முதலாளி, நல்ல டீம், டேபிளில் ஐந்தாவது இடம். இருந்தும் போச்சு. ஏன்னா அந்த கிளப் நின்னுக்கிட்டிருந்தது ஒரு மனுஷனோட பாசத்து மேல. அவர் களைச்சுப் போறதுக்கு அவருக்கு முழு உரிமை உண்டு. பிரச்னை, அவரை விட்டா வேற தூணே இல்லாம ஒரு வீட்டைக் கட்டினதில் இருக்கு.

கோப்பை யாருக்கு?

இத்தனைக்கும் நடுவுல ரக்பி அட்டகாசமா நடந்துக்கிட்டிருந்ததுதான் பெரிய வேடிக்கை. 2023 மே 27, லண்டன் ட்விக்கனம் மைதானம். 60 ஆயிரத்துக்கு மேல் கூட்டம். சாரசென்ஸ், சேல் ஷார்க்ஸ் மோதின ஃபைனல். முதல் பாதியில் 'ஜஸ்ட் ஸ்டாப் ஆயில்' போராட்டக்காரங்க ரெண்டு பேர் உள்ளே ஓடி ஆரஞ்சுப் பொடியைத் தூவ, மேட்ச் நின்னது. 2006-க்கு அப்புறம் முதல் முறையா ஃபைனலுக்கு வந்த சேல், இரண்டாம் பாதியில் முன்னிலைக்கே வந்துட்டாங்க. கடைசி 20 நிமிஷத்தில் சாரசென்ஸ் ரெண்டு ட்ரை போட்டு 35-25 என்று முடிச்சாங்க. அவங்களுக்கு ஆறாவது பட்டம்.

சாரசென்ஸ் யாருன்னு தெரிஞ்சா இன்னும் சுவாரஸ்யம். லீக்கில் சம்பள உச்சவரம்பு உண்டு. ஒரு கிளப் மொத்தமா இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம். அதை மீறி நட்சத்திரங்களுக்குச் சுத்தி வளைச்சுப் பணம் கொடுத்ததா 2019 நவம்பரில் சிக்கினவங்க இவங்க. 5.36 மில்லியன் பவுண்டு அபராதம், முதலில் 35 பாயின்ட் கழிவு, அப்புறம் அது 105 ஆகி இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டாங்க. 2021-ல் திரும்பி வந்து, 2023-ல் சாம்பியன்.

இதுல எனக்கு உறுத்துறது ஒண்ணுதான். யாராவது அதிகமா செலவு பண்றாங்களான்னு பார்க்க லீக்கிடம் விதி இருந்தது, விசாரணை இருந்தது, தண்டனை இருந்தது. செலவு பண்றவங்க கையில் அந்தப் பணம் நிஜமாவே இருக்கான்னு பார்க்க? சம்பளம் வரலைன்னு ஊழியர்கள் வெளியே சொன்ன பிறகுதான் எல்லாரும் முழிச்சுக்கிட்டாங்க.

வேலை போன மறுநாள்...

இதைப் படிக்கிற உங்களில் யாராவது லே-ஆஃப் மெயில் பார்த்திருந்தா, அந்த மறுநாள் காலை எப்படி இருக்கும்னு நான் சொல்லத் தேவையில்லை.

வாஸ்ப்ஸின் ஜாக் வில்லிஸ், இங்கிலாந்து தேசிய அணி வீரர். 2021-ல் இத்தாலிக்கு எதிரா முழங்காலில் மோசமா அடிபட்டு நீண்ட நாள் வெளியே இருந்தவர். மெல்ல மீண்டு வந்த நேரத்தில் கிளப்பே போச்சு. ஃபிரான்ஸின் துலூஸ் கிளப் கூப்பிட்டுச்சு. பொதுவா வெளிநாட்டு கிளப்பில் ஆடினா இங்கிலாந்து அணியில் இடம் கிடையாது. திவாலான கிளப் வீரர்களுக்கு அப்போதைக்கு விலக்கு கொடுத்தாங்க. 2023 ஜூன் மாசம் துலூஸோட ஃபிரெஞ்சு லீக் பட்டம் வாங்கினார். அப்புறம் அங்கேயே நீண்ட ஒப்பந்தம் போட்டுட்டார். தேசிய அணியை விட்டுக்கொடுத்துட்டு, கிளப்பைத் தேர்ந்தெடுத்தார். நேரத்துக்குச் சம்பளம் போடுற ஆபீஸை விட்டு யாருங்க வருவாங்க?

வூஸ்டரிலிருந்து பாத் கிளப்புக்குப் போன ஆலி லாரன்ஸ் அதே சீசனில் இங்கிலாந்துக்கு ஆடினார். லண்டன் ஐரிஷின் ஹென்றி அரண்டெல் பாரிஸின் ரேசிங் 92-க்குப் போனார். பெரிய பேர்களுக்குக் கதவு திறந்தது. ஆனா சீசன் நடுவுல மத்த கிளப்புகள் சம்பளப் பணத்தை ஏற்கெனவே ஒதுக்கி முடிச்சிருந்தாங்க. உச்சவரம்பும் கோவிட் காலத்தில் 6.4 மில்லியனிலிருந்து 5 மில்லியனாகக் குறைக்கப்பட்டிருந்தது. அதே 2022 டிசம்பரில் ஸ்காட்லாந்து நட்சத்திரம் ஃபின் ரஸ்ஸலை பாத் ஒப்பந்தம் பண்ணினப்போ, அவர் சம்பளம் வருஷத்துக்கு சுமார் 1 மில்லியன் பவுண்டுன்னு செய்திகள் வந்தன. உச்சவரம்புக்கு வெளியே ஒரு நட்சத்திரத்தை வெச்சுக்கலாம்னு விதி இடம் கொடுத்தது. ஒரே லீக், ஒரே சீசன்.

அந்த 167 பேரில் எல்லாரும் ஜாக் வில்லிஸ் கிடையாது. பிசியோ, கிட் அடுக்குறவர், டிக்கெட் கவுன்ட்டர், புல் வெட்டுறவர், 19 வயசு அகாடமி பையன். இவங்களை துலூஸ் கூப்பிடாது. அடிபட்ட நிலையில் வேலை போன வீரருக்கு நிலைமை இன்னும் கஷ்டம். ஃபிட்டா இல்லாதவரை எந்த கிளப்பும் எடுக்காது, ஃபிட் ஆக்கிவிட சொந்த கிளப்பும் இல்லை. வூஸ்டர் பெண்கள் அணி ஒரு ஸ்பான்சர் புண்ணியத்தில் அந்த சீசனைத் தாண்டியது. அடுத்த சீசன் தொடங்கும் முன்னாடி அதுவும் விலகியது.

இன்னொரு கணக்கையும் யாரும் முதலில் யோசிக்கலை. ரெண்டு கிளப் காணாமப் போனா மிச்சமிருந்த 11 கிளப்புக்கும் ஆளுக்கு ரெண்டு ஹோம் மேட்ச் காலி. 12 முகூர்த்தம் 10 ஆச்சு. பக்கத்து வீடு இடிஞ்சா நம்ம சுவரும் சேர்ந்து விரிசல் விடும்தானே. லாபக் கணக்கு காட்டின எக்ஸிடரே அந்த சீசன் முடிவில் ஜாக் நோவெல், சாம் சிமண்ட்ஸ் மாதிரி சாம்பியன் வீரர்களை ஃபிரான்ஸுக்கு அனுப்பிவெச்சது. 2023-ல் இரண்டாம் டிவிஷனை ஜெயிச்ச ஜெர்சி ரெட்ஸ் கதையைக் கேட்டா சிரிக்கிறதா, அழறதான்னு தெரியாது. அதே செப்டம்பரில் அவங்களும் கடையை மூடிட்டாங்க.

இப்போ என்ன நிலைமை?

ஆர்.எஃப்.யூ-வும் கிளப்புகளும் 2024-ல் எட்டு வருஷ ஒப்பந்தம் போட்டிருக்காங்க. கிளப்புகளின் கணக்கைக் கண்காணிக்க ஏற்பாடு வந்திருக்கு. நல்லது. ஆனா அதே 2024-25 சீசனிலிருந்து சம்பள உச்சவரம்பு திரும்பவும் 6.4 மில்லியன். பெரும்பாலான கிளப்புகள் இன்னும் நஷ்டத்தில்தான் ஓடுது. நஷ்டத்தை அடைக்கிறது இன்னும் அதே பணக்காரக் கைகள்தான்.

அந்தக் கைகளில் புதுசா ஒண்ணு சேர்ந்திருக்கு. சிக்ஸ்வேஸில் அன்னிக்கு 39-5 என்று அடி வாங்கின நியூகாசில் ஞாபகம் இருக்கா? 2022-23 சீசனைக் கடைசி இடத்தில் முடிச்சவங்க. 2025 ஆகஸ்டில் அவங்களை வாங்கியிருப்பது ரெட் புல். ஆமா, அந்த எனர்ஜி டிரிங்க்தான். இப்போ டீம் பேரே நியூகாசில் ரெட் புல்ஸ். பேரை மாத்தினது பிடிக்காத ரசிகர்கள் இருப்பாங்க. ஆனா வூஸ்டர் ரசிகரிடம் கேட்டால், 'சம்பளம் போடுறாங்கல்ல, அப்புறம் என்ன'ன்னுதான் சொல்வார்னு தோணுது. எனக்கு இருக்கிற கேள்வி வேற. ஒரு தனி மனுஷன் களைச்சுப் போற மாதிரி, ஒரு நாள் ஒரு கம்பெனியின் மார்க்கெட்டிங் டிபார்ட்மென்ட்டும் களைச்சுப் போகலாம் இல்லையா?

வூஸ்டர் திரும்ப வந்துட்டாங்க. மூணு வருஷம் பூட்டிக் கிடந்த டீம், புது உரிமையாளரோட 2025 அக்டோபரில் இரண்டாம் டிவிஷனில் ஆட ஆரம்பிச்சது. அதே சிக்ஸ்வேஸ் மைதானம்தான். வாஸ்ப்ஸ் தங்களுக்குன்னு கென்ட் பகுதியில் ஒரு ஸ்டேடியம் கட்டுற திட்டத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருக்காங்க. 2022 அக்டோபருக்கு அப்புறம் அவங்க தொழில்முறை அணி இன்னும் ஒரு மேட்ச்கூட ஆடலை.